ஒன்பதாம் மாதத்து அளவு

பாப்பா எட்டிப் பாக்கறதுக்குங்களாக்கா இந்தச் சன்னலு, என்று தாரணி கேட்டாள், ஐந்து வயது அவளுக்கு, நான் கொடியில் விரித்துக்கொண்டிருந்த ஈரச் சுடிதார் டாப்பின் விலாப்பக்கத்தில் ஒற்றை விரலை வைத்தபடி, காப்பிப்பொடி நிறத்து டாப் அது, இரண்டு விலாவிலும் தையலைப் பிரித்து ஆகாய நீலத்தில் ஒட்டுத்துணி வைத்திருந்தது, அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் ஆரம்பித்துக் கீழ் மடிப்புக்குப் போகப் போக விரிந்துகொண்டே போகிற ஒட்டு, காற்று உள்ளே புகுந்து டாப்பைப் புடைக்க வைக்கிறது, நீலத்தின் வழியாக வெயில் வந்து அந்தக் குழந்தையின் கன்னத்தில் விழுகிறது, ஆமா கண்ணு, பாப்பாவுக்கு உள்ள பொழுது போகோணுமில்ல, என்கிறேன் நான், அப்பறம் மழ வந்தாச் சாத்திக்குமா என்கிறாள் அவள், சாத்திக்கும் என்கிறேன், அதுக்குக் கை எட்டுமா என்கிறாள், நான் சிரித்ததில் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்துவிட்டது, குனிய முடியாமல் நான் நிற்க அவளே எடுத்துக் கொடுத்தாள், எனக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்திருந்தது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு மாதம் முன்பு வரை நான் சிரிக்கிற நிலையில் இல்லை, மூச்சு விடுகிற நிலையிலேயே இல்லை என்றும் சொல்லலாம், திருப்பூரில் எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம், எட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குளியலறை, வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கொடி, நான் பனியன் கம்பெனியில் டெய்லர், வயிறு தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பிச் செக்கிங் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து வீட்டுக்கு அனுப்ப ஒரு வாரம் போதும் அவர்களுக்கு, என் வீட்டுக்காரருக்கு அந்தச் சமயம் கையில் அடிபட்டு வேலையில்லை, அதனால் நான் பேண்ட் நாடாவை வயிற்றின் மேலேயே ஏற்றி இறுக்கிக் கட்டுவேன், அதன்மேல் டாப், டாப்பின் மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, தூசு படாமல் இருக்கப் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வராது, நாலாம் மாதம் போனது, ஐந்தாம் மாதம் போனது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி நாடாவை அவிழ்க்கும்போது உள்ளே ஒரு புரளல் இருக்கும், அப்பாடா என்று அதுவும் காலை நீட்டிக்கொள்கிற மாதிரி, மன்னிச்சுக்க சாமி என்று தடவிக்கொடுப்பேன், மறுநாள் காலையில் மறுபடி கட்டுவேன்.

அதைப் பார்த்தது தாரணியின் அம்மா துளசிமணி அக்காதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதுகு தேய்த்துவிட வந்தவள் கையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டாள், ஏம்புள்ள, இதென்ன, கவுறு அறுத்த மாட்டுக் கழுத்தாட்டக் கெடக்குது, என்றாள், நான் குனிந்து பார்த்தேன், வயிற்றைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது, கம்பெனிக்குத் தெரியாம இருக்கறக்குங்க்கா என்றேன், அவள் திட்டினாள், தொட்டித் தண்ணீர் முழுக்கத் தீரும்வரை திட்டினாள், கம்பெனிகாரனா வந்து பெக்கப் போறான், சம்பளம் போனா நாளைக்கி இன்னொரு கம்பெனி கதவு தெறந்திருக்குமடி, திட்டிக்கொண்டே அந்தக் கோட்டின் மேல் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள், அவள் குரல் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு மெதுவாக இருந்தது அவள் விரல்.

அன்று மத்தியானம் அவள் பரணிலிருந்து ஒரு கட்டைப்பையை இறக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள், பைக்குள் மூன்று டாப், இரண்டு பேண்ட், முன்பக்கம் ஜிப் வைத்த இரண்டு நைட்டி, தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆன ஓர் ஆம்பிளைச் சட்டை, அந்த லைன் வீட்டில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் அந்தப் பை அவள் வீட்டுக்குப் போகும், பெற்றெடுத்த பிறகு அவள் எல்லாவற்றையும் தோய்த்து, ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் ஒரு சொட்டு மஞ்சள் வைத்து, தன் பங்குக்கு ஒரு துணியும் சேர்த்து அடுத்தவளுக்குக் கொடுப்பாள், எனக்கு முன்னால் ஐந்து பேர், ஐந்து பேரும் நல்லபடியாப் பெத்துப் பொழச்சவளுக என்றாள் துளசிமணி அக்கா, புதுசு எடுக்கறேன்னு கடைக்குப் போயிராத, ரெண்டு சைசு பெருசா எடுத்தீன்னா தோளு முழங்கைல வந்து நிக்கும், உனக்கு வயிறுதான பெருசாகுது, தோளா பெருசாகுது, என்று சிரித்தாள், என்னுடைய சொந்த டாப்பைத் தரையில் விரித்து எங்கே பிரிக்க வேண்டும் என்று கட்டைவிரல் நகத்தால் கோடு போட்டுக் காட்டினாள், நெஞ்சுக்கு மேலே கைவைக்கக் கூடாது, அதற்குக் கீழேதான் ஒட்டு, குழந்தை பிறந்த பிறகு ஒட்டைப் பிரித்துவிட்டால் பழைய டாப் பழையபடி வந்துவிடும்.

பேண்ட்டுக்கு அவள் செய்தது பனியன் கம்பெனிக்காரிகளுக்கு மட்டுமே தோன்றுகிற காரியம், கழுத்துக்கும் கைமுனைக்கும் வைக்கிற ரிப் துணி இருக்கிறதே, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற துணி, கட்டிங்கில் விழுகிற அதன் துண்டுகள் கட்பீஸ் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், எந்த நிறம் வரும் என்று சொல்ல முடியாது, நாடாவை உருவி எறிந்துவிட்டு, நாடா கோத்த பட்டியையே வெட்டிவிட்டு, அந்த இடத்தில் முழங்கை நீளத்துக்கு ரிப் வைத்து வயிறு முழுவதையும் மூடுகிற மாதிரித் தைத்தாள், தைக்கறப்ப ரிப்ப இழுத்துப் புடி, துணிய இழுக்காத, துணிய இழுத்தீன்னா நூலு பட்டு பட்டுனு அந்து போகும், என்று என் கையின் மேல் தன் கையை வைத்து ஓட்டினாள், பத்து வருடமாக மெஷினில் உட்காருகிறவள் நான், ஆனாலும் அன்றைக்குத்தான் புதிதாகத் தைக்கக் கற்றுக்கொள்கிறவள் மாதிரி இருந்தது, பச்சைப் பேண்ட்டில் மஞ்சள் ரிப், அதன் மேல் நீல ஒட்டு வைத்த டாப், போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நாலாவது வீட்டுக்காரி, என்ன புள்ள, கட்சிக் கூட்டத்துக்காப் போற, கொடியெல்லாம் கட்டிட்டு, என்று கேலி செய்தாள், வாசலே சிரித்தது, அவர் கட்டுப் போட்ட கையோடு நின்று, பரவால்ல, தொலைஞ்சு போனாக் கண்டுபுடிச்சிறலாம் என்றார், என் வயிற்றில் துணி இருப்பதே தெரியவில்லை, யாரோ வெதுவெதுப்பான உள்ளங்கையால் கீழேயிருந்து தாங்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, கடவுள் பெரிய காரியங்களை யார் யாருக்கோ வைத்திருக்கிறார், சின்னக் காரியங்களை மட்டும் எல்லாருடைய கைக்கும் எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கம்பெனியில் சொன்னேன், செக்கிங் மேசைக்கு அனுப்பினார்கள், பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், துளசிமணி அக்கா சொன்ன மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, அவர் கை ஆறிச் சாயப்பட்டறைக்குப் போக ஆரம்பித்தார், யாரோ விற்ற கால்மிதி மெஷின் ஒன்றை வாங்கி வந்து ஜன்னலோரம் போட்டார், எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் அந்த மெஷினில் உட்கார்ந்து பைக்கு என் பங்காகச் சேர்க்க வேண்டிய நைட்டியைத் தைக்கிறேன், மடிப்புக்கு அடியில் மறைவாக ஜிப் வைக்கிறேன், பெற்ற பிறகு பால் கொடுக்க அதுவே ஆகும், ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கிறேன், அப்போது உள்ளே அது உதைத்தது, அதுதான் கடைசி என்று எனக்கு எப்படித் தெரியும், சனிக்கிழமை அது தூங்குகிறது என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமையும் தூங்குகிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த அம்மா திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டார், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி, சத்தம் இல்லாமல் வாய்கள் அசைகின்றன, பையனா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, பெண் என்று யாரோ சொன்னார்கள், நான் கேட்டது ஒன்றுதான், தலைமாட்டில் நின்ற நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சு மாசம் வரைக்கும் நாடாவ இறுக்கிக் கட்டுனேனுங்க, அதனாலதானுங்களா என்று கேட்டேன், அவர், இல்லம்மா, நாடா கட்டுனதுலயெல்லாம் பாப்பா போகாது, எதனாலன்னு எங்களுக்கே தெரியல, உன்னாலன்னு மட்டும் நெனைக்காத, என்று சொன்னார், சொல்லிவிட்டுப் போகாமல் வியர்வையில் நெற்றியில் ஒட்டியிருந்த என் முடியை ஒதுக்கி, மூன்றாகப் பிரித்துப் பின்னி, முனையில் தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட் எடுத்துப் போட்டுவிட்டார், அந்த நர்ஸம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது, விளக்கேற்றும்போது பெயரில்லாமலே சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பால் வந்தது, யாருக்கென்று தெரியாமல் வந்தது, நான் தைத்த நைட்டியின் முன்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது, நான் அந்த ஜிப்பைத் திறக்கவே இல்லை, துளசிமணி அக்கா மல்லிகைப்பூவைப் பந்தாக வைத்துப் பழைய வேட்டித் துணியால் மார்பைச் சுற்றிக் கட்டினாள், பால் வற்றுவதற்காக, வீடு முழுக்க மல்லிகை வாசம், கல்யாண வீடு மாதிரி, அவள் முடிச்சுப் போடும்போது மட்டும், வலிக்குதா கண்ணு, இத மட்டும் இறுக்கித்தான் கட்டோணும், என்றாள், சொன்ன பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பத்து நாள் கழித்துப் பையிலிருந்த எல்லாவற்றையும் தோய்த்து வெளியே எடுத்துப்போனேன், தாரணி வந்து நின்றாள், எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற குழந்தை, காப்பிப்பொடி நிறத்து டாப்பைப் பார்த்தாள், தட்டையாகிவிட்ட என் வயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள், துணி தீர்ந்த பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

துளசிமணி அக்கா குடும்பம் பல்லடத்துக்கு வீடு மாறிப் போன அன்று நான் பையை எடுத்துக்கொண்டு போய் வண்டியருகில் நின்றேன், நீங்களே வெச்சுக்குங்க்கா என்றேன், அவள் வாங்கவில்லை, குடுத்தவகிட்டயே திருப்பிக் குடுக்கறதில்ல கண்ணு இது, வர்றவளுக்குக் குடுத்தாத்தான் தீரும், அதான் மொறை, என்றாள், எங் கையால யாருங்க்கா வாங்குவா என்று கேட்டேன், வண்டி கிளம்பின பிறகு அவள் பின்னாலிருந்து தலையை நீட்டி, குடு, என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருடம் பை பரணில் இருந்தது, நான் மறுபடி கம்பெனிக்குப் போனேன், கம்பெனியில் மெஷின் முன்னால் உட்காருகிறவளுக்கு வீட்டு மெஷின் பக்கம் மட்டும் போக முடியவில்லை, அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினேன், சேலையின் மேல் அவர் சட்டையைத் தொங்கவிட ஆரம்பித்தார், அது மெஷின் என்பதே மறந்துபோனது, துளசிமணி அக்கா இருந்த வீட்டுக்கு ராமாத்தாள் என்கிற அம்மா தன் மகனோடும் மருமகளோடும் குடிவந்தார், மருமகள் கஸ்தூரி சத்தியமங்கலத்துப் பக்கம், இருபது இருபத்தொன்று இருக்கும், எதிர்க் கம்பெனியில் கைமடிக்கப் போனாள், துணியை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை, ஒரு நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது அவள் டாப் ஒதுங்கியது, நான் பார்த்தேன், இடுப்பைச் சுற்றி அதே சிவப்புக் கோடு, எத்தன மாசம் கண்ணு என்றேன், அஞ்சுங்க்கா என்றாள் வெட்கப்பட்டுக்கொண்டு, தளத்திக் கட்டக் கூடாதா என்றேன், தளத்துனா நிக்கறப்ப எறங்குதுங்க, இறுக்குனா ஒக்காரறப்ப உசுர எடுக்குதுங்க, ஒரு கையி அங்கயே புடிச்சுட்டு எப்படிங்க்கா வேல செய்யறது, என்று சிரித்தாள்.

அன்று பரணிலிருந்து பையை இறக்கினேன், எல்லாவற்றையும் தோய்த்து இரண்டு வெயில் காட்டி, உள்மடிப்பில் மஞ்சள் வைத்து, கும்பிட்டு, எடுத்துக்கொண்டு போனேன், ராமாத்தாள் அம்மா வாங்க அம்மிணி என்று பாயைப் போட்டார், காப்பி வைத்துக் கொடுத்தார், பையைத் திறந்து ரிப் வைத்த பேண்ட்டை எடுத்துக் காட்டி என்னவென்று சொன்னதும் அவருடைய கை டம்ளரிலேயே நின்றுவிட்டது, கோவிச்சுக்காத கண்ணு, உன்னைய ஒண்ணுஞ் சொல்லல, போன வருசம் இவளுக்கு மூணு மாசத்துல ஒண்ணு கலைஞ்சு போச்சு, இது தங்கோணும்னு நான் ஏறாத கோயிலு இல்ல, உன்ற வீட்டுல நடந்ததுங் கேள்விப்பட்டேன், எனக்குப் பயமா இருக்குது சாமி, என்றார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், பரவால்லீங்கம்மா என்று நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், பாதியில் எழுந்தால் அவர் மனசு சங்கடப்படும், கதவுக்குப் பின்னால் நின்ற கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கோபம் வந்ததா என்றால், வரவில்லை, ஐந்து பேரும் நல்லபடியாகப் பெற்றார்கள் என்று கேட்ட பிறகுதானே அந்தப் பைக்குள் நானே கைவிட்டேன், என் முறை வந்தபோது என்னைப் போல ஒருத்தியின் துணியை நான் வாங்கியிருப்பேனா, வாங்கியிருக்க மாட்டேன், அந்த அம்மாவின் பயம் எனக்குத் தெரியாத பயம் இல்லை, பை மறுபடி பரணுக்குப் போயிற்று, ஆனால் அந்தச் சிவப்புக் கோடு எங்கும் போகவில்லை, சோறு பிசையும்போது அது தெரிகிறது, கம்பெனியில் ஓட்டுகிற ஒவ்வொரு நேர்த்தையலிலும் அது தெரிகிறது, மறுநாள் குழாயடியில் கஸ்தூரி குரலைத் தாழ்த்தி, எனக்குப் பயமில்லீங்க்கா, அத்தைக்குத்தான், எனக்கு மத்ததெல்லாம் வேண்டாங்க, எம் பேண்ட்டுக்கு நீங்க காட்டுன மாதிரி அந்த ரிப்பு வெச்சிருந்தாப் போதுமுங்க, எனக்குத் தைக்கத் தெரியாதே, என்றாள், சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாமியாரும் மருமகளும் மாதச் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள், நான் லீவு போட்டிருந்தேன், வாசலில் வெயிலும் கொடியும் மட்டும் இருந்தன, கொடியில் கஸ்தூரியின் இரண்டு பேண்ட், நாடா இரண்டு பக்கமும் தொங்குகிறது, என் துணிக்குத்தான் அவர்கள் பயந்தார்கள், இது அவளுடைய துணி, அவள் வாயால் கேட்டது, இதில் என்னுடையது என்று சேரப்போவது தையல் ஒன்றுதான், அந்தத் தையலும் என்னுடையது இல்லை, என் கையின் மேல் கைவைத்து ஓட்டிக் காட்டியவளுடையது, அவள் பெற்றது நன்றாகப் படித்துக்கொண்டு பல்லடத்தில் இருக்கிறது, இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு கொடியருகில் நிற்கிறேன், நான் செய்வது சரியா தப்பா என்று மாரியாத்தா படத்துக்கு முன்னால் போய் நின்றேன், எனக்கு ஒன்றும் வேண்டாம், கை மட்டும் நடுங்காமல் இருக்கட்டும் என்று கேட்டேன், பிறகு போய்க் கிளிப்பை எடுத்தேன்.

சட்டைகளை எடுத்தேன், சேலையை எடுத்தேன், மெஷின் இரண்டு வருடத்துத் தூசோடு உட்கார்ந்திருந்தது, எண்ணெய் விட்டேன், பெல்ட்டை மாட்டினேன், முதல் மிதியில் அது அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது, பிறகு ஓடியது, கட்பீஸ் கடையில் முந்தின நாள் வாங்கிய ரிப், யார் உடம்பிலும் படாதது, ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம், அவள் பேண்ட் நிறத்துக்கே தேடி எடுத்தது, நாடாவை உருவினேன், பட்டியை வெட்டினேன், ரிப்பை எந்த அகலத்துக்கு வெட்டுவது என்று வந்தபோதுதான் கத்தரி நின்றது, டேப் கஸ்தூரியின் இடுப்பைச் சுற்றியதில்லை, சுற்றவும் முடியாது, அளவு எனக்குள்ளேதான் இருக்கிறது, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் காற்றில் குவித்துப் பார்க்கிறேன், ஆறாம் மாதம் இவ்வளவு, ஏழாம் மாதம் இவ்வளவு, எட்டாம் மாதம் இவ்வளவு, கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அந்தக் கனம் கூட, அந்த வெதுவெதுப்புக் கூட, அதற்கு மேல் கைகள் நகரவில்லை, ஒன்பதாம் மாதம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் உடம்பு அங்கே போனதே இல்லை, ஜன்னலோரம் குவித்த கைகளோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, சாமி, இதை மட்டும் நீ சொல்லு என்றேன், பிறகு எட்டாம் மாதத்து அளவுக்கு மேல் நான்கு விரல் கூட்டி வைத்து வெட்டினேன்.

ரிப்பை இழுத்துப் பிடித்தேன், துணியை இழுக்கவில்லை, ஒரு நூல் கூட அறவில்லை, இரண்டு பேண்ட்டையும் அவள் காயப்போட்டிருந்த மாதிரியே உள்பக்கத்தை வெளியே திருப்பி, அதே இடத்தில், அதே கிளிப்புகளைப் போட்டு மாட்டினேன், உருவின நாடாக்களைச் சுருட்டி ஓரத்தில் ஒரு கிளிப்பில் வைத்தேன், அவளுடையது அவளுக்கு, தரையில் விழுந்த நூலையும் வெட்டுத்துண்டையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினேன், வெளியே ஒருவரும் இல்லை, காற்று எழுந்து கொடியிலிருந்த அந்த இடுப்புகளுக்குள் புகுந்தது, ரிப் மெல்ல விரிந்தது, ஆறு, ஏழு, எட்டு என்று என் கைகளுக்குத் தெரிந்த வரைக்கும் வந்தது, பிறகு அதைத் தாண்டி, அந்த நான்கு விரலும் நிறைந்து, உருண்டையாக நின்றது.